கத்தியில் பெயர் பொறிப்பது உலைக்கு முன்பா, பின்பா?

கத்தி செய்யக் கற்றுக்கொள்ளும்போது எந்த எஃகு வாங்குவது, உலைச்சூடு எவ்வளவு, எந்த எண்ணெயில் தோய்ச்சல் கொடுப்பது, பிடிக்கு எந்த மரம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள். செய்தவரின் பெயர்க்குறியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டுப் பாருங்கள். "கடைசியில போட்டுக்கலாம்" என்பார் ஒருவர். "எஃகு மிருதுவா இருக்கும்போதே போட்டுடு" என்பார் இன்னொருவர். எந்த முறையில் போடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இரண்டுமே சரியான பதில்தான். யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த விடுபட்ட பாதி எனக்கு ஒரு பேட்ச் கத்தி அலகுகளையும் உலைக்கூலியையும், நல்ல வாடிக்கையாளர் ஒருவரின் பொறுமையையும் காவு வாங்கியது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அதுவரை பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்த நான், முதல்முறையாக முன்பணம் வாங்கிக்கொண்டு சில சமையலறைக் கத்திகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுக்கும்வரை பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. காசு வாங்கிய பொருளில் செய்தவனின் குறி இருக்க வேண்டும். நாளைக்குக் கத்தியின் வாய் உடைந்தால் யாரிடம் கொண்டுவருவது என்று வாங்கியவருக்குத் தெரிய வேண்டுமே. எஃகு 1084. கார்பன் 0.84 சதவீதம் வாக்கில் இருக்கும், மற்ற கலப்புகள் குறைவு, 815 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் நன்றாகக் கெட்டிப்படும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எல்லோரும் கைகாட்டும் எஃகு அது. அலகுகளை வெட்டி, பெல்ட் கிரைண்டரில் சரிவு எடுத்து, மட்டமாகத் தேய்த்து வைத்திருந்தேன். பிடி எதுவும் குறுக்கே இல்லை. குறி போட இதைவிட வசதியான நேரம் வராது என்று பட்டது. இப்போது கெட்டால் ஒரு இரும்புத் துண்டோடு போகும், தோய்ச்சலுக்குப் பிறகு கெட்டால் மொத்த உழைப்பும் போகும் என்ற கணக்கும் இருந்தது. உப்புத் தண்ணீரும் மின்சாரமும் வைத்து எல்லா அலகிலும் பொறித்தேன். நன்றாகவே வந்தது. நகத்தால் வருடினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்பட்டது. படம் எடுத்து வாடிக்கையாளருக்கும் அனுப்பினேன். (பாதி முடிந்த வேலையைப் படம் எடுத்து அனுப்பும் பழக்கத்தை அதோடு விட்டுவிட்டேன்.)

சூட்டைச் சரியாகப் பிடித்துவைக்கும் மின் உலை அப்போது என்னிடம் இல்லை. வெளியே ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தவற்றில் அரத்தை வைத்தால் வழுக்கியது, அதாவது நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது; வளைவும் பெரிதாக இல்லை. அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அலகு முழுக்கக் கருஞ்சாம்பல் செதில் மூடியிருந்தது. எழுத்துகள் இருந்த இடத்தில் லேசான பள்ளம் மட்டும் தெரிந்தது. செதிலை எடுத்துவிட்டால் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பெல்ட்டில் வைத்தேன். செதில் போயிற்று, அடியில் வெள்ளை உலோகம் வந்தது, கூடவே குறியும் போயிற்று. ஓர் அலகில் கடைசி எழுத்தின் பாதி மட்டும் மிஞ்சியது. இன்னொன்றில் எதுவுமே இல்லை. சில அலகுகளில் பள்ளத்துக்குள் செதில் அடைத்துக்கொண்டு, எழுத்தா அழுக்கா என்று தெரியாத ஒரு கறையாக நின்றது. அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. அன்றிரவு எரிச்சலைவிட வெட்கம்தான் அதிகம். படம்தான் ஏற்கெனவே போய்விட்டதே!

நடந்தது என்னவென்று பிறகு நிதானமாகப் புரிந்துகொண்டேன். காற்று படும் உலையில் எஃகு சிவக்கும்போது மேற்பரப்பில் இருக்கும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செதிலாகிறது. அந்தச் செதில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது இல்லை; நம் அலகின் தோலேதான் அப்படி மாறியிருக்கிறது. அதற்கு அடியில் இன்னொரு சேதம் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. மேல்தோலில் இருக்கும் கார்பன் எரிந்து வெளியேறிவிடுவதால் அங்கே மென்மையான ஒரு படலம் நிற்கும். தோய்ச்சல் கொடுத்தாலும் அந்தப் படலம் கெட்டிப்படாது. அதையும் தேய்த்து எடுத்தால்தான் உண்மையான கெட்டி எஃகு வெளியே வரும். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாதாரணமாகப் போய்விடும். உலையில் அதிக நேரம் கிடந்தாலோ, அடித்து உருவாக்கிய அலகாக இருந்தாலோ இன்னும் கூடும். உப்புத் தண்ணீர் முறையில் நாம் வீட்டில் போடும் குறியின் ஆழமோ நூறில் சில பங்கு மில்லிமீட்டர். கணக்கைப் போட்டுப் பாருங்கள், குறி தப்பிக்க வழியே இல்லை.

பட்டறைக்காரரிடம் போய் அலகைக் காட்டினேன். "குறி போட்டிருக்குன்னு சொல்லவே இல்லையே தம்பி" என்றார். "சொல்லியிருந்தா என்னண்ணே பண்ணியிருப்பீங்க?" "ஃபாயில்ல சுத்தி உள்ள விட்டிருப்பேன். இல்லன்னா, இப்ப வேணாம், வேலை முடிஞ்சு போட்டுக்கோன்னு திருப்பிக் கொடுத்திருப்பேன்." அவர் கேட்டிருக்கலாம், நான் சொல்லியிருக்கலாம். இப்போது அலகு கொடுக்கும்போது அவரிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்: உலை திறந்த காற்றிலா, வெற்றிடத்திலா, ஆர்கான் போன்ற வாயுவிலா, உருகிய உப்புக் குளியலா? துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொதிந்து வைப்பார்களா? முடிந்த பிறகு செதிலை அவர்களே மணல் பீய்ச்சி எடுப்பார்களா? மணல் பீய்ச்சினால் மெல்லிய எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், அதனால் கடைசிக் கேள்வியும் முக்கியம். வெற்றிடத்திலோ ஃபாயில் பொதியிலோ போய்வரும் அலகில் செதில் அநேகமாக வராது. அப்படியானால் முன்கூட்டியே ஆழமாகப் பொறித்த குறி பிழைத்துவிடும். ஆனால் எழுத்தில் ஏற்றிய கறுப்பு நிறத்தை நம்பாதீர்கள், பள்ளம்தான் நிற்கும்.

இதில் ஒரு கிளைக்கதை. கலந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு அலகின் காம்பிலும் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தேன். உலை அதைக் கேட்குமா? எல்லாம் எரிந்து, எது யாருடைய கத்தி என்று அளந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. பிடிக்குள் மறையும் காம்பின் ஓரத்தில் அரத்தால் ஒரு கீறல், இரண்டு கீறல் என்று போட்டுவிடுங்கள். அது எங்கும் போகாது.

மேலோட்டமான குறி நிற்காது என்றால் ஆழமாகப் போட்டால் நிற்கும்தானே? அந்த யோசனையில் எஃகு முத்திரை பஞ்ச் செய்து வாங்கினேன். சுத்தியலால் ஒரே அடி, எழுத்து அலகில் இறங்கும். 0.3 மில்லிமீட்டர் இறங்கினாலே செதிலைத் தேய்த்த பிறகும் தெளிவாக நிற்கும். பஞ்ச் முறைக்கு மட்டும் தோய்ச்சலுக்கு முன்பு என்பதைத் தவிர வேறு நேரமே கிடையாது. தோய்ச்சல் கொடுத்த அலகும் பஞ்சும் ஏறக்குறைய ஒரே கெட்டி. ஒன்றின் மேல் ஒன்றை அடித்தால் எழுத்து இறங்காது, பஞ்சின் முகமோ அலகின் துண்டோ தெறிக்கும். தெறிப்பது கண்ணுக்கும் வரலாம். எஃகு நன்றாக மென்மையாக்கப்பட்ட நிலையில் மட்டுமே அடிக்க வேண்டும், கண்ணாடி போடாமல் அடிக்கவே கூடாது.

பஞ்ச் அடிப்பது பார்க்கச் சுலபமாக இருக்கும். கையில் சுத்தியல் லேசாகத் துள்ளினால் இரண்டாவது முறை இறங்கி எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். நிழல் விழுந்த குறியை எந்தத் தேய்ப்பாலும் மறைக்க முடியாது. அடித்த இடத்தைச் சுற்றி உலோகம் பிதுங்கி எழும். பின்பக்கத்தில் லேசான புடைப்பு வரும். மெல்லிய அலகாக இருந்தால் வளையும். அதனால் சரிவு எடுப்பதற்கு முன்பே, பட்டை முழுத் தடிமனோடு இருக்கும்போது அடித்துவிட்டுப் பிறகு மட்டமாகத் தேய்ப்பது நல்லது. சுத்தியலைவிட ஹைட்ராலிக் பிரஸ்ஸோ, கைச்சக்கரம் வைத்த திருகு பிரஸ்ஸோ இருந்தால் நிழல் பிரச்சினையே இல்லை. எழுத்து நேராக நிற்க, அடியில் ஒரு நிறுத்துக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், பழகினால் வந்துவிடும்.

பெரிய விஷயம் எண்ணெய்த் தொட்டியில் காத்திருந்தது. இந்த முறை ஒரு நண்பரின் உலையைக் கடன் வாங்கி நானே தோய்ச்சல் கொடுத்தேன். அலகு எண்ணெயில் இறங்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். கத்தி செய்பவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தால், முத்திரையின் ஒரு எழுத்துமுனையிலிருந்து முதுகு வரை மயிரிழையாக ஒரு விரிசல். தோய்ச்சலின்போது எஃகு சில நொடிகளில் அமைப்பு மாறி, பருத்து, உள்ளுக்குள் கடுமையான இழுவிசையோடு நிற்கிறது. கூரான மூலையுள்ள எந்தப் பள்ளமும் அந்த விசையை ஒரு புள்ளியில் குவித்துக் கொடுக்கும். கூர்மையான V வடிவப் பள்ளம் வெட்டும் பஞ்ச், வாய்க்கு அருகே மெல்லிய பகுதியில் அடித்த எழுத்து, அடித்த பிறகு அந்த இறுக்கத்தை எடுக்காமல் நேராகத் தோய்ச்சல், இந்த மூன்றும் சேர்ந்தால் விரிசலுக்கு நாமே வரவேற்பு வைத்த மாதிரி.

அதற்குப் பிறகு பஞ்ச் செய்யக் கொடுக்கும்போது எழுத்தின் மூலைகளை உருட்டியும் பள்ளத்தின் அடியைத் தட்டையாகவும் கேட்கிறேன். அடிக்கும் இடம் பிடிக்குச் சற்று முன்னால் உள்ள தடித்த பகுதி. வாயை நோக்கி ஒருபோதும் இறங்குவதில்லை. அடித்து முடித்ததும் நார்மலைசிங் செய்கிறேன்: சூடாக்கிக் காற்றில் தானாக ஆறவிடுவது, ஒவ்வொரு சுற்றிலும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து மூன்று சுற்று. முத்திரை அடித்ததால் உள்ளே ஏறிய இறுக்கம் இதில் தளர்ந்துவிடும், எஃகுக்குள் இருக்கும் படிக மணிகளும் நுண்மையாகும். வளைவு இருந்தால் இந்தக் கட்டத்திலேயே நிமிர்த்திவிடலாம். எண்ணெயில் தோய்க்க வேண்டிய எஃகைத் தண்ணீரில் தோய்ப்பவர்களுக்கு முத்திரை இல்லாமலேயே விரிசல் வரும், முத்திரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

விரிசல் விட்ட அலகுகள், முதல் பேட்ச், உலைக்கூலி, தேய்ந்துபோன பெல்ட்டுகள் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வாங்கிய முன்பணத்தை எப்போதோ தாண்டியிருந்தது. சொன்ன தேதியும் கடந்துவிட்டது. வாடிக்கையாளர் கோபப்படவில்லை, ஆனால் அவர் அனுப்பும் செய்திகள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் குறியே இல்லாமல் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உண்மையில், அதுவும் தப்பில்லை. குறி இல்லாத நல்ல கத்தி, குறியிலிருந்து உடைந்த கத்தியைவிட எவ்வளவோ மேல்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது முதலில் பயன்படுத்திய அதே மின்சார முறைதான், ஆனால் தோய்ச்சல், டெம்பரிங் (தோய்த்த எஃகு நொறுங்காமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது) எல்லாம் முடிந்த பிறகு. குறியை எப்போது போடுவது என்பதை நமக்கு வசதியான நேரம் தீர்மானிக்கக் கூடாது. குறி போட்ட பிறகு அந்த மேற்பரப்பிலிருந்து இன்னும் எவ்வளவு உலோகம் உரியப்போகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். கடைசித் தேய்ப்பிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். ஒரு வீணான துண்டை உங்கள் வழக்கப்படி உலைக்கு அனுப்பி, முன்பும் பின்பும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். அந்த எண் தெரிந்துவிட்டால் முன்பா பின்பா என்ற விவாதமே தேவையில்லை.

கெட்டிப்பட்ட எஃகில் இது ஏறுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. மின்சாரம் அணு அணுவாகக் கரைப்பதால் கெட்டித்தன்மை அதற்குத் தடையே இல்லை. சூட்டில் பதம் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். மின்சாரத்தை அலகுக்குக் கொண்டுசெல்லும் நனைந்த பருத்திப் பஞ்சுக்கு அடியில் இருப்பது தண்ணீர், கொதித்தாலும் 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். 1084 போன்ற எஃகுக்கு நாம் டெம்பரிங் கொடுப்பதே 200 டிகிரி அளவில். உண்மையில் பதத்தைக் கெடுப்பது தோய்ச்சலுக்குப் பிறகு கிரைண்டரில் ஏறும் சூடுதான். அலகின் நுனியில் வைக்கோல் நிறம் தெரிந்தால் எச்சரிக்கை, நீலம் வந்தால் அது 300 டிகிரியை நெருங்கிவிட்டது, அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். 12 முதல் 24 வோல்ட் வரை கொடுக்கும் ஒரு டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) மின்மூலம். 9 வோல்ட் பேட்டரியில்கூடச் சின்னக் குறி போடலாம், நேரம் ஆகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு. ஒரு ஸ்டென்சில், அதாவது எழுத்துக்கான இடம் மட்டும் திறந்திருக்கும் மறைப்பு. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சைப் பிடிக்க ஒரு கார்பன் தண்டு. அலகைப் பாசிட்டிவில் இணைக்க வேண்டும், பஞ்சை நெகட்டிவில். மாற்றி இணைத்தால் குமிழி நிறைய வரும், வேலை நடப்பது மாதிரியே இருக்கும், அலகில் ஒன்றும் ஏறாது. சிலர் பஞ்சுக்குள் செம்புக் கம்பியை நேராகச் சொருகிவிடுகிறார்கள். எழுத்துக்கு ஏசியில் (திசை மாறிமாறிப் பாயும் மின்சாரம்) கறுப்பேற்றும்போது அந்தச் செம்பு கரைந்து எழுத்துக்குள் படிந்து செந்நிறம் காட்டும். அதனால்தான் கார்பன் தண்டு.

ஸ்டென்சில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வினைல் ஸ்டிக்கரில் வெட்டினால் மலிவு, ஆனால் சுழி உள்ள எழுத்துகளில் சுழிக்கு நடுவில் நிற்கும் துணுக்கை ஒவ்வொரு முறையும் தனியாகப் பிடித்து ஒட்ட வேண்டும். தமிழ் எழுத்தில் குறி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் ண, ன போன்றவற்றை நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் வினைலில் வெட்டிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். துணுக்கு ஒரு இம்மி நகர்ந்தாலும் சுழி அடைத்துக்கொள்ளும். வலை மேல் ஒளியால் பதித்த ஸ்டென்சிலில் துணுக்கு விழும் பேச்சே இல்லை, ஒன்றையே பலமுறை பயன்படுத்தலாம். எந்த வகையானாலும் கோடுகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள். கரைப்பு நேராக ஆழத்துக்கு மட்டும் போகாது, பக்கவாட்டிலும் அரிக்கும். ஆழம் கூடக்கூட எழுத்து தடிக்கும். மெல்லிய அலங்கார எழுத்துகள் திரையில் அழகாக இருக்கும், எஃகில் சேறாகிவிடும்.

அலகை அசிட்டோனிலோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலோ துடைத்து, பிறகு விரல் படாமல் ஸ்டென்சிலை ஒட்டுங்கள். விரல்ரேகை எண்ணெய் இருந்தால் அந்த இடத்தில் ஓரம் தூக்கும், உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து எழுத்தைச் சுற்றி மூடுபனி மாதிரிச் சாம்பல் படலம் வரும். ஸ்டென்சிலைச் சுற்றியுள்ள பகுதியையும் டேப்பால் மூடுங்கள், ஒரு சொட்டு வழிந்து ஓடினாலும் அது ஓடிய பாதை பொறிபடும். பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. இரண்டு மூன்று நொடி தொட்டு எடுங்கள், ஆறவிடுங்கள், பஞ்சில் சேரும் பழுப்புக் கசடைத் துடையுங்கள், மறுபடி தொடுங்கள். ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் உள்ளே தண்ணீர் கொதித்து ஸ்டென்சிலைத் தூக்கிவிடும். டிசியில் வேண்டிய ஆழம் வந்ததும் ஏசிக்கு மாற்றிச் சில நொடி கொடுத்தால் பள்ளத்தின் அடியில் கறுப்பு ஆக்சைடு படியும். டிசி தோண்டும், ஏசி கறுக்கும். குறைந்த வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் ஏசிதான் வேண்டும். வீட்டுச் சுவர் பிளக்கை இதற்காக நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

எந்த வரிசையில் செய்வது என்பதற்கு எனக்கு இப்போது ஒரு வழி படிந்துவிட்டது. டெம்பரிங் முடிந்து, மென்படலம் முழுக்கப் போகும்வரை தேய்த்து, கடைசி உப்புத்தாளுக்கு ஒரு படி முன்பு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே டிசியில் ஆழம் எடுக்கிறேன். பிறகு கடைசித் தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால் எழுத்தைச் சுற்றிய படலம் போய்விடும், விளிம்பும் கூராக நிற்கும். பஃபிங் சக்கரம் வேண்டாம், அது எழுத்தின் விளிம்புகளை இழுத்து மழுக்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டென்சிலை மறுபடி பொருத்திக் கறுப்பு மட்டும் ஏற்றுகிறேன். பிடி ஒட்டுவது இதற்கெல்லாம் பின்னால். பிடி ஒட்டிய பிறகு பொறித்த ஒரு கத்தியில் உப்புத் தண்ணீர் பிடியின் விளிம்பில் கசிந்து, மரத்தில் இருந்த டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து நீலக்கறுப்பாக ஊறிவிட்டது. அந்த மரம் மிக நல்ல மரம். இன்னும் வயிறு எரிகிறது. வாய் தீட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. தீட்டிய கத்தியைப் பிடித்துக்கொண்டு பஞ்சும் வயருமாக வேலை செய்வது கைக்கு நல்லதல்ல.

பொறித்து முடித்த அடுத்த நிமிடம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். கார்பன் எஃகு என்றால் உப்பு பட்ட இடம் கண் முன்னாலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படுவதும் விதிவிலக்கல்ல. எழுத்தின் பள்ளத்துக்குள் குளோரைடு தங்கிவிட்டால் சில வாரம் கழித்து அங்கிருந்து குழிக்கத் தொடங்கும். அந்த வகை எஃகைப் பொறிக்கும்போது வரும் கசடில் நச்சான குரோமியச் சேர்மங்கள் இருக்கலாம், குளோரின் வாடையும் வரலாம். காற்றோட்டமான இடம், கையுறை, கசடைச் சாக்கடையில் ஊற்றாமல் தனியாகச் சேர்த்துவைத்து முறையாக அகற்றுவது, இவற்றில் சமரசம் வேண்டாம்.

நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் இந்த முறையில் உண்டு. ஓர் அலகில் எழுத்தின் ஒரு பாதி ஆழ்ந்த கறுப்பாகவும் மறு பாதி வெளிறியும் வந்தது. ஸ்டென்சில், பஞ்சு, மின்மூலம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. கடைசியில் அரத்தால் சோதித்தால் வெளிறிய பக்கத்தில் லேசாகக் கடித்தது. கார்பன் போன மென்படலம் அங்கே இன்னும் மிச்சம் இருந்தது. எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலை நீர்க்கவைத்து அதில் அலகை முழுக்க நனைத்தாலும் இதே மாதிரித் திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும். குறி சரியாக விழவில்லையே என்று எரிச்சல்படும் முன்பு, குறிக்கு அடியில் இருக்கும் எஃகு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

ஃபெரிக் குளோரைடு என்றதும், அதிலேயே குறியும் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். நகப்பூச்சு மாதிரி ஏதாவது தடுப்பைப் பூசி, எழுத்தைக் கீறி, கரைசலில் விட்டால் அரிக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. மெதுவாகப் போகும், பக்கவாட்டில் அதிகம் தின்னும், கையில் எதைத் தொட்டாலும் மஞ்சள் கறை. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தையும் தின்றுவிடும், அதனால் பிளாஸ்டிக் பாத்திரம் மட்டும். அடுக்கு எஃகு அலகில் கோலத்தை வெளிக்கொண்டுவர அதுதான் வேண்டும், அங்கே அதற்கு ஈடு இல்லை. பெயர்க்குறிக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை.

லேசரையும் ஒருமுறை வெளியே கொடுத்துப் பார்த்தேன். கோடுகளின் நுணுக்கம் அபாரம். ஆனால் துருப்பிடிக்காத எஃகில் ஆழமில்லாமல் சூட்டால் மட்டும் கறுப்பேற்றும் முறையில், அந்த இடத்தின் பாதுகாப்புப் படலம் பலவீனப்பட்டு எழுத்தின் மேலேயே துருப்புள்ளிகள் வந்தன. லேசர் கொடுக்கிறவர்கள் எந்த முறையில் போடுவீர்கள், முடிந்த பிறகு அந்தப் படலம் மீளச் சிட்ரிக் அமிலக் குளியல் கொடுப்பீர்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முதல் ஆர்டர் கடைசியில் போய்ச் சேர்ந்தது. அவர் இன்னமும் என்னிடம்தான் வாங்குகிறார். பிறகு ஒருநாள், குறியின் கறுப்பு மங்கிவிட்டது என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. ஏசியில் ஏற்றும் கறுப்பு மெல்லிய ஆக்சைடுதான். தேய்த்துக் கழுவக் கழுவக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், பள்ளம் அப்படியே இருக்கும். இதை இப்போது கத்தியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். மங்கினால் அனுப்புங்கள், ஸ்டென்சில் இருக்கிறது, மறுபடி கறுக்கச் சில நொடிதான் ஆகும், காசு வேண்டாம், தபால் செலவு மட்டும் உங்களுடையது என்று.